கெட்டி ஸ்ட்ரட்: பின் ஷாக்குக்குப் பதில் போடலாமா, போட்டால் எங்கே உடையும்

பாபர், சாப்பர் என்று பைக்கைத் தாழ்த்தி, உருமாற்றும் கஸ்டம் பாணியில் வண்டி கட்டுகிறவர்கள் முதலில் விசாரிக்கும் சாமான்களில் ஒன்று கெட்டி ஸ்ட்ரட். பின் சக்கரத்தின் இரண்டு ஷாக்கையும் கழற்றிவிட்டு அதே போல்ட்டுகளில் மாட்டுகிற ஒரு ஜோடி உலோகத் தண்டு, அவ்வளவுதான். அமுங்காது, நீளாது. ஃபிரேமை அறுக்க வேண்டாம், வெல்டிங் வேண்டாம், அரை மணி நேரத்தில் வண்டி தாழ்ந்து ஹார்ட்டெயில் (பின் சஸ்பென்ஷனே இல்லாத வண்டி) தோற்றம் வந்துவிடும். நல்ல ஷாக் ஒரு ஜோடியின் விலையைவிட மலிவு என்பதால் இன்னும் ஆசை காட்டும்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கஸ்டம் வேலை செய்யும் பட்டறையில் ஒரு ஜோடி கட்டாயம் இருக்க வேண்டும். கண்காட்சி வண்டிக்கும், வழவழப்பான தரையில் நேராக ஓடும் டிராக் (drag) பந்தய வண்டிக்கும் பொருந்தும். தினமும் ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு வேண்டாம். முதுகு வலிக்கும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. முதுகுவலியைத் தாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். ஷாக் போல்ட்டும் அது பிடித்திருக்கும் ஃபிரேமும் தாங்காது என்பதால் சொல்கிறோம். அது ஏன், எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் எந்த ஸ்ட்ரட் நல்லது, எது குப்பை என்பதும் தெரிந்துவிடும்.

உதாரணத்துக்கு 2009-இல் வந்த ராயல் என்ஃபீல்டின் பழைய கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்வோம். நம் ஊரில் பாபராக மாறும் வண்டிகளில் அதுதான் அதிகம் கண்ணில் படுகிறது. எடை 192 கிலோ. பின்னால் கேஸ் நிரப்பிய இரண்டு ஷாக், 80 மி.மீ. நகர்வு, ஐந்து படி அட்ஜஸ்ட்மென்ட். இந்த வம்சத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. 1949-இல் விற்பனைக்கு வந்த புல்லட், ஸ்விங்ஆர்மும் (பின் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையும் கை) ஹைட்ராலிக் ஷாக்கும் வைத்து வந்த ஆரம்பகால பிரிட்டிஷ் வண்டிகளில் ஒன்று. பெரிய ஹார்லிகளுக்குப் பின் சஸ்பென்ஷன் கிடைத்தது 1958-இன் டியோ-கிளைடில்தான். அதற்கு முந்தைய கெட்டிப் பின்புறத்தின் அழகைத்தான் இன்றைய பாபர் தேடுகிறது. 1984 மாடலில் ஹார்லியே சாஃப்ட்டெயில் என்று ஷாக்கை அடியில் ஒளித்து வைத்து அந்தத் தோற்றத்தை விற்க ஆரம்பித்தது. தோற்றம் ஹார்ட்டெயில், உள்ளே சஸ்பென்ஷன். அந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

இப்போது கணக்கு. வண்டியும் ஓட்டுகிறவரும் சேர்ந்து 270 கிலோ என்றால் பின் சக்கரத்தின் மேல் ஏறக்குறைய 150 கிலோ. வண்டி நிற்கும்போது ஒரு பக்க ஷாக்குக்கு 75 கிலோ. சக்கரம் 50 மி.மீ. ஆழமான பள்ளத்தில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாக் 60 மி.மீ. அமுங்கி அந்த விழுகையை வாங்கினால், உச்ச நேரத்தில் ஒரு பக்கத்துக்கு 275 கிலோ அளவில் சுமை வரும். ஸ்ட்ரட் போட்ட வண்டியில் அமுங்குவதற்கு டயர் மட்டுமே மிச்சம். அது 15 மி.மீ. அமுங்கினால் அதே பள்ளத்தில் ஒரு பக்கத்துக்கு 650 கிலோ. தோராயக் கணக்குதான், வேகம், டயர் காற்று, பள்ளத்தின் விளிம்பு எல்லாம் எண்ணை மாற்றும். ஆனால் சுமை இரண்டு மடங்குக்கு மேல் போகிறது என்பது மாறாது.

அந்த 650 கிலோ எங்கே போய் உட்காருகிறது என்பதுதான் விஷயம். நிறைய வண்டிகளில் மேல் ஷாக் ஸ்டட் (ஷாக்கை மாட்டும் போல்ட்) ஒரு பக்கம் மட்டும் ஃபிரேமில் பிடித்து, வெளிப்பக்கம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்டட் 12 மி.மீ. கனம், ஃபிரேமிலிருந்து ஷாக் கண்ணின் (முனையிலுள்ள துளையின்) மையம் 20 மி.மீ. தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். 275 கிலோவில் அதன் வேரில் விழும் வளைவு அழுத்தம் ஏறத்தாழ 320 மெகாபாஸ்கல். 650 கிலோவில் 750. நல்ல 8.8 தர போல்ட் நிரந்தரமாக வளையத் தொடங்குவது 640-இல். அதாவது ஷாக் இருந்தபோது பாதி பலத்தில் நிம்மதியாக இருந்த போல்ட், ஸ்ட்ரட் வந்த பிறகு ஒரே பள்ளத்தில் வளைந்துவிடும். 10.9 தர போல்ட் மாற்றினால் போல்ட் தப்பிக்கும். அடுத்து அது நுழைந்திருக்கும் பிராக்கெட் வாய் பிளக்கும். பலவீனத்தை ஒரு இடம் தள்ளி வைத்ததுதான் மிச்சம்.

இதனால் ஸ்ட்ரட் வாங்குவதற்கு முன் வண்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்து இரண்டு விஷயம் பாருங்கள். ஸ்டட்டின் வெளி முனையையும் ஏதாவது தகடு பிடித்திருக்கிறதா? இரு பக்கமும் பிடிப்பு இருந்தால் மேலே சொன்ன அழுத்தம் பாதியாகிவிடும். அடுத்தது, மேல் போல்ட் இருக்கும் இடத்துக்குக் கீழிருந்து ஸ்விங்ஆர்ம் பிவட் (அது ஃபிரேமில் சுழலும் அச்சு) பக்கமாக ஒரு தாங்கு குழாய் வருகிறதா? முக்கோணமாக அது இருந்தால் சுமை கீழே இறங்கும். பின் வளையக் குழாய் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தால், ஸ்ட்ரட் அதை ஒவ்வொரு மேட்டிலும் மேலே நெம்பும். சீட் அடியில் வெல்டிங் ஓரத்தில் விரிசல் விழும். இரண்டுமே இல்லாத வண்டியில் இந்தச் சாமானை ரோட்டுக்கு என்று நினைத்தே பார்க்க வேண்டாம்.

சந்தையில் வருவது பெரும்பாலும் மூன்று வகை.

மலிவானது பட்டைத் தகடு. இரண்டு ஓட்டை போட்ட இரும்புப் பட்டை. நேரான பட்டை, 40 மி.மீ. அகலம், 8 மி.மீ. கனம் என்றால் பட்டறை வேலைக்கு மோசமில்லை. ஆனால் மேல் போல்ட்டும் கீழ் போல்ட்டும் ஒரே தளத்தில் இல்லாத வண்டிகளுக்காகப் பட்டையை நடுவில் இரண்டு மடிப்பாக வளைத்து விற்கிறார்கள். அதைத் தொடாதீர்கள். மடிப்பு 15 மி.மீ. தள்ளி இருந்தாலே 6 மி.மீ. பட்டையில் அழுத்தம் 400 மெகாபாஸ்கலைத் தாண்டும். சாதா இரும்பு 250-இலேயே வளைந்துவிடும். 8 மி.மீ. பட்டையும் 240 பக்கம் வந்து விளிம்பில் நிற்கும். ஒரு பள்ளத்தில் ஒரு பக்கம் மட்டும் வளைந்தால் சக்கரம் சாய்ந்துவிடும். தளம் சேரவில்லை என்றால் பட்டையை வளைக்கக் கூடாது. போல்ட்டில் லேத்தில் கடைந்த ஸ்பேசர் போட்டுத் தண்டை நேராக நிறுத்த வேண்டும்.

இரண்டாவது வகை குழாயின் இரு முனையிலும் வளையம் வெல்டிங் செய்தது. ஆன்லைனில் குரோம் பூசிப் பளபளப்பாக வருவது இதுதான். 25 மி.மீ. வெளி விட்டம், 3 மி.மீ. சுவர் கனம் உள்ள குழாய் பலத்துக்குப் போதும். குழாய் உடைவதில்லை, வளையம் சேரும் இடம்தான் உடைகிறது. குழாய் முனையை மீன் வாய் போல் வெட்டி வளையத்தை அணைத்து வெல்டிங் செய்திருக்க வேண்டும். தட்டையாக வெட்டிய முனையை வளையத்தின் முதுகில் வைத்துச் சுற்றிலும் ஒரு கோடு இழுத்திருந்தால், பற்று ஓரத்தில் மட்டுமே இருக்கும். குரோம் இந்தக் குறையை மூடிவிடும். அதனால் பூச்சு இல்லாத ஜோடியை வாங்கி, வெல்டிங்கை நேரில் பார்த்து, டை பெனட்ரன்ட் சோதனை செய்து, பிறகு பெயின்ட் அடிப்பது நல்லது. தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள வெல்டிங் பட்டறைகளில் இந்தச் சோதனை செய்து தருவார்கள்: சிவப்பு மருந்து தெளித்துத் துடைத்து, வெள்ளைப் பொடி அடித்தால் விரிசல் சிவப்புக் கோடாக மேலே வரும்.

மூன்றாவதுதான் நாங்கள் சொல்லக்கூடியது: ஒரே கட்டையில் கடைந்தது. 25 மி.மீ. ஈஎன்8 (நடுத்தரக் கார்பன் எஃகு) கம்பியை நடுவில் 20-க்குக் கடைந்து, இரு முனையையும் தட்டையாக மில்லிங் செய்து, கண் துளைத்துப் புஷ் (துளைக்குள் போடும் உள்வளையம்) அடித்தது. வெல்டிங் எங்கும் இல்லை. எந்த நல்ல லேத் பட்டறையிலும் செய்து தருவார்கள். அலுமினியம் என்றால் 6061 டி6 கம்பி, இன்னும் தடிமனாக. வார்ப்பு அலுமினியம் வேண்டவே வேண்டாம்; அது வளையாது, எச்சரிக்கை இல்லாமல் முறியும்.

இரண்டு முனையிலும் மரை வைத்து நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ராடு-எண்டு வகையும் உண்டு. பட்டறைக்கு இதைப்போல உதவும் சாமான் வேறில்லை. பின் மட்கார்டு எங்கே உட்கார வேண்டும், சீட் கோடு எப்படி வர வேண்டும் என்று பார்க்கிற நாட்களில் திருகியே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம், இறக்கலாம். ரோட்டில் லாக் நட் லூஸாகிவிடும் என்பதால் அதைப் பட்டறையோடு நிறுத்திவிடுங்கள். மரை குறைந்தது தன் விட்டத்தின் ஒன்றரை மடங்கு உள்ளே இருக்க வேண்டும். எம்12 என்றால் 18 மி.மீ.

எந்த வகையானாலும் வாங்கின கையோடு செய்ய வேண்டிய ஒரு சோதனை. இரண்டு ஸ்ட்ரட்டையும் சேர்த்து வைத்து, மேல் கண்கள் இரண்டிலும் ஒரே 12 மி.மீ. கம்பியையும், கீழ்க் கண்கள் இரண்டிலும் இன்னொன்றையும் நுழையுங்கள். துளைக்குப் பொருத்தமான கம்பியாக இருக்க வேண்டும். விரலால் தள்ளினால் போக வேண்டும். தட்ட வேண்டியிருந்தால் நீளம் ஒன்றில்லை, அல்லது துளை கோணல். 2 மி.மீ. வித்தியாசம் என்பது கேட்கச் சின்னது. இரண்டு ஸ்ட்ரட்டுக்கும் இடையே 220 மி.மீ. அகலம் என்றால், ஸ்விங்ஆர்ம் அரை டிகிரி முறுக்கிக்கொள்ளும். டயரின் உச்சியில் அது 6 மி.மீ. சாய்வு. வண்டி எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும், ஸ்விங்ஆர்ம் புஷ் ஒரு ஓரம் மட்டும் தேயும்.

கண்ணுக்குள் புஷ் இல்லாமல் இரும்பு மேல் இரும்பு உட்காரும்படி வரும் ஜோடிகள் நிறைய. சில நூறு கிலோமீட்டரில் வட்டத் துளை முட்டை வடிவாகிவிடும், அப்புறம் ஒவ்வொரு மேட்டிலும் 'டக் டக்' சத்தம். பழைய ஷாக்கிலிருந்து எடுத்த ரப்பர் புஷ்ஷை அளவு பார்த்து அடித்துக்கொள்ளலாம். பாலியூரித்தேன் அதைவிட நீடிக்கும்.

நீளம்தான் அடுத்த தலைவலி. 'எல்லா வண்டிக்கும் சேரும்' என்று 10, 11, 12, 13 அங்குலத்தில் விற்பார்கள். அது எதற்கும் சேராத அளவு. உங்கள் வண்டியில் அளந்து எடுங்கள்: வழக்கமாக ஓட்டுகிறவர் சீட்டில் உட்கார்ந்து இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வைக்கட்டும், இன்னொருவர் முன்னால் பிடித்துக்கொள்ளட்டும், மூன்றாமவர் மேல் போல்ட் மையத்திலிருந்து கீழ் போல்ட் மையம் வரை டேப் வைக்கட்டும். அந்த அளவுதான் ஸ்ட்ரட்டின் நீளம். அழகுக்காக இன்னும் 10 மி.மீ. குறைக்கலாம். அதற்கு மேல் குறைத்தால் வண்டியின் குணமே மாறும். பின்பக்கம் 25 மி.மீ. இறங்கினால், சுமார் 1370 மி.மீ. வீல்பேஸில் முன் ஃபோர்க் ஒரு டிகிரி கூடுதலாகச் சாயும், டிரெயில் (ஸ்டீயரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும் முன் டயர் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்) 6 மி.மீ. அளவில் கூடும், மெதுவாகத் திரும்பும்போது ஹேண்டில் கனக்கும். சைடு ஸ்டாண்டில் வண்டி நிமிர்ந்து நிற்கும், லேசாக இடித்தால் வலப்பக்கம் விழும். டபுள் ஸ்டாண்ட் போட முன்பைவிட அதிகம் தூக்க வேண்டும், ஏனென்றால் சக்கரம் இனி கீழே தொங்கி உதவாது.

மாட்டும் வேலை கடினமில்லை. டபுள் ஸ்டாண்ட் போட்டு, முன் பிரேக் லீவரைப் பட்டையால் கட்டி, பின் சக்கரத்துக்கு அடியில் சின்ன ஜாக்கி கொடுங்கள். இரண்டு ஷாக்கையும் கழற்றி, மேல் கண்ணை முதலில் மாட்டி, ஜாக்கியால் சக்கரத்தை ஏற்றி இறக்கிக் கீழ்த் துளையைச் சேருங்கள். போல்ட் கையால் நுழைய வேண்டும். சுத்தியல் எடுக்கத் தோன்றினால் நிறுத்திவிட்டு நீளத்தை மறுபடி அளங்கள். புது நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் தளராத நட்) போட்டு, மேனுவலில் உள்ள டார்க்குக்கு இறுக்கி, நட்டையும் போல்ட் முனையையும் சேர்த்து நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுங்கள். கோடு பிசகினால் நட் நகர்ந்திருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும்.

பிறகு செயின். ஸ்விங்ஆர்ம் இனி அசையாது, அதனால் அது மேலும் கீழும் போவதற்கென்று விடும் தொய்வு தேவையில்லை. சக்கரத்தை முழுச் சுற்று சுற்றி, செயின் அதிகம் இறுகும் இடத்தில் 15 முதல் 20 மி.மீ. விட்டால் போதும். ஸ்ட்ரட்டின் உண்மையான நல்ல பலன் இது ஒன்று: செயின் இழுவை எப்போதும் ஒரே அளவில் இருக்கும். கீழ் ஓட்டம் ஸ்டாண்டில் உரசுகிறதா என்று பாருங்கள். டிரம் பிரேக் வண்டியில் ஸ்விங்ஆர்ம் கோணம் மாறியதால் பிரேக் ராடின் இழுப்பும் மாறியிருக்கும். பெடல் விளையாட்டைச் சரி செய்யாமல் எடுத்தால் பிரேக் பிடித்தபடியே ஓடிச் சூடேறும்.

டயர் காற்றை வழக்கமான அளவிலிருந்து அதிகபட்சம் 4 பிஎஸ்ஐ மட்டும் குறைத்துக்கொள்ளலாம். இன்னும் குறைத்தால் டியூப் டயர் ரிம்மில் வழுக்கி வால்வின் அடியைக் கிழிக்கும். கிளாசிக்கோடு வரும் ஸ்பிரிங் சீட்டை மாற்றாதீர்கள். ஆளைக் காப்பாற்றுவது இனி அது ஒன்றுதான். ஆனால் சீட் ஸ்பிரிங் ஆளுக்கு மட்டும்தான் உதவும். ஃபிரேம், பேட்டரி, டேங்க் பிடிப்பு, சைலென்சர் பிராக்கெட் எல்லாம் அடியை நேராக வாங்கும். முதலில் போவது டெயில் லைட் பல்பின் இழை, பிறகு நம்பர் பிளேட் பிராக்கெட், மட்கார்டு ஸ்டே. ஸ்போக்கும் லூஸாகும், 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். இறுகிய ஸ்போக் கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று கேட்கும். அப்போதே பெண்டு எடுத்துவிட வேண்டும்.

முதல் 50 கிலோமீட்டரில் எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு முறை கழுவும்போதும் மேல் போல்ட்டைச் சுற்றியும் சீட் அடி வெல்டிங்கையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் முடி போல ஒரு கோடு, அதிலிருந்து காவி நிறத்தில் பொடி கசிந்திருந்தால் உள்ளே இரும்பு இரும்போடு உரசுகிறது என்று அர்த்தம். அதன் பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. நின்ற வண்டியில் ஷாக் போல்ட் உடைந்தால் பின்பக்கம் உட்காரும். 60-இல் போகும்போது உடைந்தால் மட்கார்டு டயரில் இறங்கி, சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

பிரேக்கும் முன்பு போல இராது. கரடுமுரடான ரோட்டில் பின் சக்கரம் தரையை விட்டுத் துள்ளும். துள்ளும் நேரத்தில் பிடிப்பு இல்லை, ஏபிஎஸ் இருந்தால் அது பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும். நிற்கும் தூரம் கூடும். வளைவில் ஒரு மேடு வந்தால் பின்பக்கம் ஒரு அடி பக்கவாட்டில் தள்ளிவிடக் கூடும். பின்னால் ஆளை ஏற்றுவது முற்றிலும் கூடாது.

இந்தியாவில் ரோட்டில் ஓட்டுவதானால் சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்தானால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பது இதைத்தான்.

தாழ்ந்த தோற்றம்தான் வேண்டும் என்றால் வேறு வழி இருக்கிறது. 20, 25 மி.மீ. குட்டையான, கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் உள்ள ஷாக் போடுங்கள். நகர்வு குறையும், ஆனால் 40 மி.மீ. மிஞ்சினால்கூட மேலே சொன்ன சுமை வெகுவாக இறங்கிவிடும். மட்கார்டு டயரை ஒட்டி வர வேண்டும் என்பவர்கள் மட்கார்டை ஃபிரேமில் பிடிக்காமல் ஸ்விங்ஆர்மிலேயே பிடிக்கலாம், சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும், 20 மி.மீ. இடைவெளி போதும். உண்மையான ஹார்ட்டெயில்தான் வேண்டும் என்றால் ஜிக்கில் (குழாய்களை அசையாமல் பிடிக்கும் சட்டம்) வைத்து, அச்சிலிருந்து சீட் குழாய் வரையும் அடிக்குழாய் வரையும் நேர்க்கோட்டில் குழாய் போட்டு முக்கோணமாகக் கட்டிய பின் ஃபிரேம் வேண்டும். அதில் அடி எந்தப் போல்ட்டையும் வளைக்காது, குழாயின் நீளவாக்கில் ஓடிவிடும். சட்டச் சிக்கல் அதற்கும் உண்டு. ஆனால் அது உடையாது.

ஸ்ட்ரட் போட்டுக் காட்சிக்கு நிறுத்துகிறவர்கள் பழைய ஷாக்கைத் தூக்கிப் போடாதீர்கள். போல்ட், வாஷர், புஷ் எல்லாவற்றையும் இடது, வலது என்று எழுதிய தனித்தனிப் பையில் கட்டி, ஷாக்கை நிமிர்த்தி வையுங்கள். திரும்ப மாட்டும் அன்று கையால் நாலைந்து முறை அமுக்கிவிட்டு, தண்டில் எண்ணெய்க் கசிவு இல்லையென்று பார்த்து மாட்டினால் வண்டி ரோட்டுக்குத் தயார்.